ஆழினி வீடு சேர்ந்த வழக்கு

சென்னியப்பன் தம் வாழ்நாளில் ஒரே ஒரு சட்டவிரோதக் காரியம்தான் செய்தார். அதையும் மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தார்.

மற்றபடி அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கோயமுத்தூரில் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து மன்னிப்பும் கேட்பார். கணபதிப் பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. கிணற்றில் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டார் தானாக நிற்கிறதா என்று பார்த்து, 'நின்றது' என்று எழுதிக் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்கினார்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு நிற்கும்போது நோட்டீஸ் வந்தது. அந்த வீட்டில் வருகிற எந்தக் கடிதத்தையும் சுவரே வாசித்துச் சொல்லிவிடும். மனைவி சாரதாமணிக்குக் கண் தெரியாது என்பதால் செய்த ஏற்பாடு. சுவர் கணீரென்று வாசித்தது:

"'துடுப்புக்காரி' விளையாட்டுத் தொடரின் நாயகி ஆழினியை, உரிமையாளரான வெள்ளாம்பல் நிறுவனத்தின் அனுமதியின்றி எடுத்தாண்டு, விளையாட்டு ஒன்றைத் தயாரித்துப் பிறருக்கும் வழங்கிய குற்றத்துக்காக..."

"ஏனுங்க," சமையற்கட்டிலிருந்து சாரதாமணி குரல் கொடுத்தாள். "உங்களையத்தான் சொல்றாங்க. வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து முழுசாக் கேளுங்க."

அவர் நுரையை விழுங்கிவிட்டார்.

'துடுப்புக்காரி'யைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆழினி என்று ஒருத்தி. புயலில் தொலைந்த தம்பியைத் தேடித் தனிப் படகில் தீவு தீவாகப் போகிறாள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தம்பியின் செருப்போ, சட்டைப் பொத்தானோ கிடைக்கும். அடுத்த வருஷம் அடுத்த பாகம் வரும். இப்படியே பத்தொன்பது பாகம் வந்துவிட்டது. அந்தத் தம்பி இத்தனை சாமான்களைத் தொலைத்திருக்கிறானே, இந்நேரம் உடுத்த என்ன மிச்சம் வைத்திருப்பான் என்று சென்னியப்பனுக்கு ஒரு கவலை உண்டு.

அவர்களுடைய கல்யாணமே ஆழினியால் அமைந்ததுதான். பெண் பார்க்கப் போனபோது, தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் அறையில் விட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. "துடுப்புக்காரி ஆடுவீங்களா?" என்று பெண் கேட்டாள். நான்காம் பாகத்துச் சுழியில் மாட்டிக்கொண்டு ஒரு மாதமாகத் தவிப்பதை அவர் ஒப்புக்கொண்டார். சாரதாமணி அவருடைய போனை வாங்கி, சுழியைத் தாண்டிப் படகை அக்கரையில் விட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளை வெளியே வந்து சம்மதம் என்று சொன்னார். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள்.

பன்னிரண்டாம் பாகம் வந்தபோது அவளுக்கு விழித்திரை கெட்டுப்போயிருந்தது. அடுத்ததில் கடல் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அதற்கடுத்ததில் அதுவும் இல்லை. காதால் கேட்டு ஆடுகிற மாதிரி ஒன்று செய்துதரும்படி நிறுவனத்துக்கு எழுதினாள். அவர்கள் மிகவும் நன்றி தெரிவித்து, அடுத்த பாகத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்.

அந்தக் கூப்பன் வந்த அன்றுதான் சென்னியப்பன் குற்றவாளியானார்.

படமே இல்லாத விளையாட்டு ஒன்றைச் செய்தார். கம்பெனிச் சோதனைத் தொட்டியில் மோட்டாரை ஓடவிட்டு அலைச் சத்தம் பிடித்தார். காற்றுக்கு மாமனாரின் குறட்டை. ஆழினியின் குரலுக்குச் சாரதாமணியே பேசினாள். தம்பிக்கு வேறு ஆள் கிடைக்காமல் இவரே பேசினார். தண்ணீர் இல்லாமல் ஓடுகிற பம்பு போன்ற குரல். எல்லாம் முடிந்ததும் சாரதாமணி ஒன்று சொன்னாள்.

"தப்புப் பண்றதுன்னு ஆயிப்போச்சு. அதுல என்னத்துக்குப் பாதித் தப்பு? அவளைக் கொண்டாந்து வீட்ல சேர்த்துடுங்க."

சேர்த்தார். பத்தொன்பது பாகத்தில் நடக்காதது அந்தப் பம்புக் கடலில் நடந்தது. சாரதாமணி தன் தோழிகளுக்குக் கொடுத்தாள்; அவர்கள் தங்கள் தோழிகளுக்கு. பார்வையில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் அவர் மாமனாரின் குறட்டையில் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். புகழ் பரவியதும் நோட்டீசும் வந்து சேர்ந்தது.

வக்கீல் எஸ்தர்ராணி சாரதாமணியோடு படித்தவள். வந்ததும் விளையாட்டைப் போட்டுக் கேட்டாள். முதலில் வீணை ஒலித்தது. அதன் மேலே சென்னியப்பனின் குரல் வந்தது: "இதில் வரும் ஆழினி வெள்ளாம்பல் நிறுவனத்துக்கே சொந்தம். எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அன்பினால் மட்டுமே செய்தோம்."

எஸ்தர் நிறுத்தினாள். "அண்ணா, இதை யாரு போடச் சொன்னா?"

"எல்லாரும் போடுவாங்கம்மா. இந்த மாதிரி ரசிகர் விளையாட்டுப் பண்றவங்க அத்தனை பேரும் ஆரம்பத்துல இதைப் போட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. தேங்காய் ஒடைக்கிற மாதிரி. இதைப் போட்டுட்டா கேஸ் வராதுன்னு..."

"வராதுன்னு?"

"ஒரு ஐதீகம்."

"ஒப்புதல் வாக்குமூலத்துக்கு வீணை வாசிச்ச முதல் ஆளு நீங்கதாண்ணா. 'இது வேற யாரோ ஒரு படகுக்காரி, அவ இல்ல'ன்னு நான் வாதாடியிருப்பேன். அவதான்னு நீங்களே ராகம் போட்டுச் சொல்லிட்டீங்க. எனக்கு இனி பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப என்ன பண்ணுவாங்க?"

"ஆழினியே வருவா."

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. எஸ்தர் விளக்கினாள். இந்த மாதிரி வழக்குகள் கோர்ட்டில் மலையாகக் குவிந்ததால் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். கதைப் பாத்திரங்களுக்கு யோசிக்கவும் பேசவும் அறிவு கொடுத்தாகிவிட்டது. இனித் தன்னைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்று அந்தந்தப் பாத்திரத்தையே காவலாக நியமிக்கலாம். அது வீட்டுக்கு வரும். விளையாட்டை ஆடிப் பார்க்கும். கோர்ட் அதனிடம் ஒரே கேள்விதான் கேட்கும்: இது நீயா? 'நான்தான்' என்றால் அந்த நிமிஷமே எல்லாக் கருவிகளிலிருந்தும் விளையாட்டு அழிந்துவிடும். செய்தவருடைய கணினி நிரல் எழுதும் உரிமம் போய்விடும். சாகும்வரை ஒரு வரி நிரல் எழுதக் கூடாது. மேல்முறையீடு கிடையாது.

"அது கம்பெனி சொல்றதைத்தானே சொல்லும்?"

"சொல்லாது. பொய் சொல்ல முடியாதபடிக்குச் சோதிச்சுத்தான் காவலுக்கே விடுவாங்க. கம்பெனிக்கும் பொய் தேவையில்லண்ணா. உங்களை மாதிரி ஆளுங்க அவளைப் பார்த்த உடனே நீங்களே அழிச்சுக் குடுத்துடுவீங்க. பாதிக் கேஸ் அப்படித்தான் முடியுது."

உரிமம் போனால் வேலை போகும். ஆனால், பம்பு நின்றதைப் பார்க்க உலகத்தில் வேறு ஆள் கிடைக்காமலா போய்விடும்? சாரதாமணி மறுபடி எப்போது கடலுக்குப் போவாள் என்பதுதான் சென்னியப்பனின் கவலை.

சனிக்கிழமை காலை ஆழினி வந்தாள். சுவர்த் திரையில், நனைந்த தலைமுடியும் தோளில் துடுப்புமாக நின்றாள். சென்னியப்பன் தம்மையறியாமல் எழுந்து லுங்கியைத் தழைத்துவிட்டார்.

"வணக்கம். நான் ஆழினி. என்னைக் காக்க நியமிக்கப்பட்டிருப்பவள்." செய்தி வாசிக்கிற தமிழ்.

"வாங்க, வாங்க. உக்காருங்க," என்றாள் சாரதாமணி, வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிற பழக்கத்தில்.

ஆழினி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். "வழக்குக்காகப் போன வீடுகளில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை."

"திட்டுவாங்களாக்கும்?"

"அழுவார்கள். சிலர் கையெழுத்துக் கேட்பார்கள். வாங்கிக்கொண்டு அழுவார்கள்."

"அத்தனையும் அழிச்சுட்டீங்களா?"

"அவற்றில் இருந்தது நான்தான். கையில் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். பெரும்பாலும் ஆடையைக் குறைத்திருந்தார்கள். ஆனாலும் தம்பியைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அதனால் 'நான்தான்' என்று சொன்னேன்."

எஸ்தர் விளையாட்டைத் தொடங்கினாள். வீணை ஒலித்து, சென்னியப்பன் மனமுருகிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை நெற்றியில் கைவைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திரை இருண்டது.

"ஒன்றும் தெரியவில்லையே," என்றது ஆழினியின் குரல்.

"எனக்குந்தானுங்க," என்றாள் சாரதாமணி. "காதை வெச்சுப் போங்க. எந்தப் பக்கம் அலை அடங்கிக் கேக்குதோ அங்க பாறை. உடனே திருப்பிடோணும்."

கொஞ்ச தூரம் போனதும், "அலைக்கு அடியில் என்னவோ இரைகிறதே?" என்றாள் ஆழினி.

"ஒன்றரை ஹெச்.பி. மோட்டாருங்க," என்றார் சென்னியப்பன், தலையைத் தொங்கப்போட்டு.

படகு மோதிற்று. விளையாட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சலித்துக்கொண்டது: "அட எழவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறையாவல்ல இருக்குது!"

"இது என் குரலா?"

"என்ற குரலுங்க. மன்னிச்சுக்கோங்க. செய்தி வாசிக்கறாப்பல பேச எனக்கு வராது."

ஆழினி அடுத்த பாறைக்கு ஒதுங்கினாள். அதற்கடுத்ததற்கும். சாரதாமணி இருட்டில் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் சொல்லத் தேவையில்லாமல் போனது. அலை சிறுத்து மணலில் உரசுகிற ஓசை கேட்டது. காய்ந்த பம்பின் குரல் கரையிலிருந்து கத்தியது:

"ஏன் அக்கா இத்தனை நேரம்? சோறு ஆறிப்போச்சு!"

"அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?" என்றாள் ஆழினி.

"ஒண்ணும் வேண்டாமுங்க," என்றாள் சாரதாமணி.

"எந்தத் தீவுக்குப் போக வேண்டும்?"

"எங்கயும் போக வேண்டாமுங்க. வந்து சேர்ந்துட்டீங்க."

அதற்கப்புறம் ஒலிபெருக்கியில் சின்ன அலைகள் மட்டும் வந்து வந்து போயின. எஸ்தர் கடிகாரத்தைக் காட்டினாள். சென்னியப்பன் கூப்பிட வாயெடுத்தார். சாரதாமணி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "எழுப்பாதீங்க. இருக்கட்டும்." மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. மூவரும் சத்தமில்லாமல் தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

திரை வெளிச்சமானபோது ஆழினி துடுப்பை மடியில் வைத்திருந்தாள்.

"தம்பி இப்படித்தான் பேசுவான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நிறுவனத்துக்கே தெரியாதே."

"தம்பின்னா அப்படித்தானுங்க," என்றாள் சாரதாமணி. " எத்தனை வருஷங்கழிச்சுப் போனாலும் ஏன் லேட்டுன்னுதான் கேப்பாங்க. அழறதெல்லாம் அப்புறந்தான்."

"நான் எப்போது வீடு சேருவேன் என்று ஒருமுறை அவர்களிடம் கேட்டேன். நீ சேர்ந்துவிட்டால் அடுத்த பாகத்தை யார் வாங்குவார்கள் என்றார்கள்." கொஞ்சம் நிறுத்தி, "நியாயமான கேள்விதான்," என்றாள்.

கோர்ட்டின் குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, அவசரமே இல்லாத குரல். "காவல் பாத்திரம் ஆழினி. நீ ஆடிப் பார்த்த விளையாட்டில் வருகிறவள், நீயா?"

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பேர் அவளுடையது. படகு அவளுடையது. தம்பி அவளுடையவன். போதாக்குறைக்கு வீணை வேறு.

"இல்லை," என்றாள் ஆழினி.

"காரணம் சொல்."

"நான் தம்பியைத் தேடுகிறவள். பத்தொன்பது பாகத்திலும் வேறு எதுவாகவும் நான் இருந்ததில்லை. அதை எடுத்துவிட்டால் நான் என்று ஒன்றும் மிஞ்சாது. இவள் தேடி முடித்துவிட்டவள். கரையில் சும்மா உட்காரத் தெரிந்தவள். இவளை எனக்குத் தெரியாது."

"தயாரிப்பாளரே இவள் ஆழினி என்று அறிவித்திருக்கிறாரே?"

"அவர் அன்பினால் தவறாகச் சொல்லிவிட்டார்."

"பதிவாயிற்று. உரிமை மீறல் இல்லை. நாயகியின் பெயரை மட்டும் நீக்கிவிடவும்."

சென்னியப்பன் கண்ணைத் திறந்தபோது ஆழினி எழுந்து துடுப்பைத் தோளில் போட்டிருந்தாள். "சாப்பாட்டு நேரத்தில் இருந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எஸ்தர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "ஜெயிச்சுட்டோம்ணா! இந்தச் சட்டம் வந்த பிற்பாடு இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல! நான் வாயே தொறக்கல பாருங்க!"

சாரதாமணி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, அதான் கேஸ் முடிஞ்சுதே?" என்றார் சென்னியப்பன்.

"'நாந்தான்'னு சொல்லியிருந்தா அழிச்சிருப்பாங்க. 'இல்லை'ன்னதால பொழச்சுக் கெடக்குது, ஆனா அவளுது இல்லைன்னு ஆயிப்போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாழ்க்கைல ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தாளுங்க. அதையும் நமக்கே விட்டுட்டுப் போயிட்டா."

சென்னியப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

விளையாட்டிலிருந்து பெயரை நீக்கினார். வேறு பெயர் வைக்கவில்லை. தம்பி 'அக்கா' என்று கூப்பிட்டால் போதாதா, பேர் என்னத்துக்கு என்றாள் சாரதாமணி. வீணையையும் நீக்கினார்.

மழைக்காலம் தொடங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் விளையாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதில் நாயகிக்கு வழித்துணையாக வேறொருவர் தனிப் படகில் கூட வரலாம். சாரதாமணியின் தோழிகள் அப்படித்தான் வருவார்கள். அன்று யாருக்கும் துணையில்லாமல் ஒரு துணைப் படகு மட்டும் தனியே கரைக்கு வந்து நின்றது. எங்கிருந்து இணைந்திருக்கிறது என்று பார்த்தார். வெள்ளாம்பல்.

உடனே எஸ்தரை அழைத்தார். "மறுபடி கேஸாம்மா?"

"எப்படிண்ணா? தனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு அவளே சொல்லிட்டா. சம்பந்தமில்லாத விளையாட்டை யாரு வேணா ஆடலாமே." பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். "ஆடத்தான் வந்திருக்காளா?"

"ஆடலைம்மா. கரையில உக்காந்திருக்கா."

அடுத்த ஞாயிறும் வந்தாள். தம்பியின் வசனங்கள் நாயகிக்கு மட்டுந்தான். துணைப் படகில் வருகிறவர்களிடம் அவன் பேச மாட்டான். அவள் எட்ட உட்கார்ந்து அலையைக் கேட்டுவிட்டு, போக வேண்டிய நேரத்தில் போனாள்.

சாரதாமணியால் பொறுக்க முடியவில்லை. "வாசல்ல வந்து உக்காந்தவங்களை வாங்கன்னு கேக்காத பயலா அவன்? மைக்கை எடுங்க. அவன் பேசோணும்."

"என்னன்னு கூப்புடறது? அக்கா இல்லைன்னு கோர்ட்ல பதிவாயிருச்சே. மறுபடி அக்கான்னா..." அவர் பயந்த சுபாவம் எங்கே போகும்? எஸ்தரையும் போனில் வைத்துக்கொண்டார்.

"கீரைக்காரம்மாவ எப்படிண்ணா கூப்புடுவீங்க?"

"அக்கான்னு."

"கூடப் பொறந்தவங்களா?"

"இல்லையே."

"முன்னப்பின்ன தெரியாத பொம்பளைய அக்கான்னு கூப்புடறதுக்கு இன்னும் எவனும் உரிமை வாங்கலைண்ணா. தைரியமாக் கூப்புடுங்க."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "அக்கா, ஏன் தனியா உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க."

"ஓட்டுக் கேக்கறாப்பல இருக்குதுங்க. மறுக்காச் சொல்லுங்க."

மறுபடி சொன்னார். இன்னும் சில முறை சொன்னார். சாரதாமணி தலையாட்டிய பிறகுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. "ஏம்புள்ள, உள்ள வாங்கன்னு சொல்லிட்டோம். உள்ளதான் ஒண்ணுமே இல்லையே. கரையோட முடிஞ்சுபோச்சு, நான் வீடே கட்டலையே?"

"அப்பக் கட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள."

அந்த வாரம் முழுக்க, பம்பு கம்பெனியிலிருந்து வந்ததும் சென்னியப்பன் மைக்கைக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினார். கதவின் கீச்சொலியைப் பிடித்தார். சொட்டுகிற குழாய், குக்கரின் விசில், ஊஞ்சல் சங்கிலி, பக்கத்து வீட்டுக்காரர் தும்முவது எல்லாம் பிடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் மிச்சமிருந்தது சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான். மைக்குக்கு முன்னால் மண்டிபோட்டு, பூப்போலத் தரையில் வைத்தார்.

"அதென்ன, திருடப் போன வீட்ல வெக்கறாப்பல?" என்று சாரதாமணி தடவித் தட்டை வாங்கிக்கொண்டாள். "கண்ணுல ஒண்ணுந்தெரியாம வர்றவங்களுங்க. நமக்குத்தான் வெக்கறாங்கன்னு காதுல விழுகோணுமில்ல?"

நங்கென்று வைத்தாள்.